யாருக்கு எந்த நகல்?

இணையத்தில் ஒரு பக்கத்தை நாம் கேட்கிறோம். கண் இமைக்கும் நேரத்தில் அது வந்து நிற்கிறது. தொலைவிலுள்ள கணினி ஒவ்வொரு முறையும் அதனைப் புதிதாக ஆக்கித் தருவதில்லை. முன்பு ஆக்கியதன் நகலொன்று, வழியிலுள்ள வேறொரு கணினியில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். இச்சேமிப்புக்குக் 'கேஷ்' என்று பெயர்.

ஆயினும், எல்லாப் பக்கங்களையும் இவ்வாறு நகலெடுத்து வைக்கலாமா? பள்ளிக்கூடத்தையே எடுத்துக்கொள்வோம். மணி அடிக்கும் நேர அட்டவணை எல்லார்க்கும் ஒன்றே. ஒரு நகல் போதும். பெற்றோருக்கான சுற்றறிக்கை தமிழிலும் மலாயிலும் வேண்டும். இரண்டு கட்டுகளாக அடுக்கி, மொழி பார்த்துக் கொடுக்கிறோம். தேர்ச்சி அறிக்கையோ அவரவர்க்கே உரியது. அதனைக் குவித்து வைத்து, கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கொடுப்போமா?

வலைப்பக்கங்களும் இம்மூவகையே. எந்த வகை என்பதை, பக்கத்தை அனுப்பும் கணினியே சொல்லி அனுப்ப வேண்டும். 1997ஆம் ஆண்டு வெளியான ஹெச்டிடிபி 1.1 விதிகளில் இதற்கு வழி உண்டு. 'வேரி' என்னும் குறிப்பு, "கேட்பவர் அனுப்பும் இன்ன விவரத்தைப் பார்த்து நகலைப் பிரித்து வை" என்கிறது. 'பிரைவேட்' என்னும் குறிப்பு, "பொதுச் சேமிப்பில் வைக்காதே; கேட்டவரின் கணினியில் மட்டும் வைக்கலாம்" என்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நாம் தேர்ந்தெடுத்த மொழி போன்ற விருப்பங்கள் பெரும்பாலும் 'குக்கி' என்னும் சிறு குறிப்பில் செல்கின்றன. அதிலேயே நம்மை அடையாளம் காட்டும் எண்ணும் இருக்கும். குக்கி முழுவதையும் பார்த்துப் பிரித்தால் ஆளுக்கொரு நகல் குவியும். ஒருவர் நகல் மற்றவர்க்கு உதவாது. ஆகவே, மொழியைப் பக்கத்தின் முகவரியிலேயே சேர்ப்பது நலம். பெயர், கணக்கு விவரம் ஆகியவற்றைத் தனியே வரவழைத்தால், எஞ்சிய பகுதியைப் பொதுவில் சேமிக்கலாம்.

இந்த வேற்றுமை தவறினால் என்னவாகும்? 2015 டிசம்பர் 25ஆம் நாள், 'ஸ்டீம்' எனும் கணினி விளையாட்டு அங்காடி தாக்குதலுக்கு உள்ளாயிற்று. நெரிசலைத் தாங்க மாற்றியமைத்த கேஷ், உள்நுழைந்திருந்தவர்களின் பக்கங்களையும் பொதுவில் சேமித்துவிட்டது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில், சுமார் 34,000 பேரின் பக்கங்கள் பிறர் கண்ணில் பட்டிருக்கக்கூடும் என்று அதனை நடத்தும் வால்வ் நிறுவனம் அறிவித்தது. சிலவற்றில் மின்னஞ்சல் முகவரியும் வாங்கிய பொருள்களின் விவரமும் இருந்தன.

கணினி பயிலும் நம் பிள்ளைகள் இதனை மனத்தில் கொள்ள வேண்டும். ஐயம் எழுந்தால் பொதுச் சேமிப்பில் வைக்காமல் விடுவதே நன்று. பக்கம் சற்றுத் தாமதமாக வரும், அவ்வளவே.