எல் போர்டு ஒட்டப்போகும் பழைய கார்... மாடலைவிட வருஷம் முக்கியம்!

டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். பழகுபவர் பதற்றத்தில் எதை மிதித்தாலும் அவர் வண்டியை நிறுத்திவிடுவார். ஆனால், வகுப்பு முடிந்து வீட்டுக் காரில் பழகும்போது அந்த இரண்டாவது பிரேக் கிடையாது. பக்கத்து இருக்கையில் அப்பாவோ, அண்ணனோ, கணவரோ, மனைவியோ பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான்.

இருந்தும் பல வீடுகளில் நடப்பது என்ன? 'பழகத்தானே... எங்கேயாவது இடிக்கத்தான் போகிறது. இருப்பதிலேயே விலை குறைந்த வண்டியாகப் பார்ப்போம்' என்று முடிவு செய்துவிடுகிறார்கள். இடிக்கும் என்பது உண்மைதான். ஆனால், இந்தக் கணக்கின்படி வீட்டிலேயே அனுபவம் குறைந்தவர் கையில், பாதுகாப்பு குறைந்த கார் வந்து சேர்கிறது.

பழகுவதற்கான பழைய காரில் கீறல் இருக்கலாம், சீட் கவர் கிழிந்திருக்கலாம், கிளட்ச்கூடப் பாதி தேய்ந்திருக்கலாம். பிரேக், டயர், ஸ்டீயரிங், ஏர்பேக் ஆகிய நான்கிலும் குறை இருக்கக் கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

2019 ஜூலையை நினைவில் வையுங்கள்

பழைய கார் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, 'ஆல்ட்டோவா, வேகன் ஆரா, சான்ட்ரோவா?' அதற்கு முன் கேட்க வேண்டியது, 'எந்த வருஷத்து வண்டி?'

இந்தியாவில் விற்கப்படும் எல்லாப் புதிய கார்களிலும் 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமானது. திடீரென்று பிரேக்கை அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும் வசதி இது. பழகுபவர்கள் பிரேக்கை அப்படித்தான் மிதிப்பார்கள். அதே ஆண்டு ஜூலை முதல் டிரைவர் ஏர்பேக், சீட் பெல்ட் போடாவிட்டால் ஒலிக்கும் எச்சரிக்கை, வேகம் கூடினால் ஒலிக்கும் எச்சரிக்கை, ரிவர்ஸ் எடுக்க உதவும் பார்க்கிங் சென்சார் ஆகியவையும் கட்டாயமாகின. முன்பக்கம் இரண்டாவது ஏர்பேக், 2022 தொடக்கத்திலிருந்து எல்லாப் புதிய கார்களுக்கும் வந்துவிட்டது.

ஆகவே, 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான வண்டி என்றால், விலை குறைந்த பேஸ் மாடலிலும் இந்த அடிப்படை வசதிகள் இருக்கும். அதற்கு முந்தைய வண்டி என்றால், ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் உள்ள உயர் வேரியன்ட்டைத் தேட வேண்டும். ஆர்.சி. புக்கில் பதிவுத் தேதியோடு, தயாரிப்பு மாதமும் வருஷமும் இருக்கும். பார்க்க வேண்டியது தயாரிப்பு மாதத்தைத்தான்.

ஏர்பேக் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய சோதனையே போதும். 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களை ஏர்பேக் இல்லாத வேரியன்ட்டில் மோதிப் பார்த்தது. ஐந்துக்கும் கிடைத்தது பூஜ்ஜிய ஸ்டார். 2020 ஜனவரியில் அதே அமைப்பின் சோதனையில் டாடா டியாகோ 4 ஸ்டார் பெற்றது. சிறிய கார் என்றாலே பாதுகாப்பு இருக்காது என்பதில்லை.

சுற்றிலும் தெரிகிற கார்

பழகுபவருக்குப் பெரிய சிக்கல், வண்டியின் மூலைகள் எங்கே முடிகின்றன என்று தெரியாததுதான். அந்த விதத்தில் வேகன் ஆர் போல உயரமாக உட்காரும் வண்டிகள் உதவும். பெரிய கண்ணாடி, நிமிர்ந்த முன்பக்கம், பின்னால் திரும்பிப் பார்த்தால் மறைக்காத தூண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓட்டப்போகிறவரே உட்கார்ந்து பார்க்க வேண்டும். கிளட்ச்சை முழுவதும் அழுத்தும்போது முதுகு சீட்டை விட்டு நகரக் கூடாது. உயரம் குறைந்தவர்களுக்கு, சீட்டை உயர்த்தும் வசதியுள்ள வேரியன்ட் நல்லது.

இன்னொன்று, இரண்டு சீட்டுக்கும் நடுவே இருக்கும் ஹேண்ட் பிரேக். வீட்டுக் காரில் பழகும்போது, பக்கத்தில் இருப்பவர் கைக்கு எட்டும் ஒரே பிரேக் அதுதான். ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை மட்டும் இழுத்துவிட்டு பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். வண்டி பின்னால் நகர்ந்தால், அதைச் சரிசெய்யாமல் பழக எடுக்காதீர்கள்.

உற்பத்தி நின்றுபோன கம்பெனிகளின் கார்கள் மலிவாகக் கிடைக்கும். செவ்ரோலெட் 2017-ல் இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-ல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. டட்சன் 2022-ல் விடைபெற்றது. இவற்றில் நல்ல வண்டிகளும் உண்டு. ஆனால், பழகும்போது பம்பர், லைட், சைடு மிரர் ஆகியவைதான் அடிக்கடி உடையும். அவை உங்கள் ஊரிலேயே கிடைக்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கியரா, ஆட்டோமேட்டிக்கா?

2014-ல் வந்த மாருதி செலேரியோ மூலம் ஏ.எம்.டி. எனும் விலை குறைந்த ஆட்டோமேட்டிக், சிறிய கார்களுக்குள் நுழைந்தது. நெரிசலில் ஓட்டப் பயப்படுகிறவர்களுக்கு இது வரம். நம் ஊர் கார் லைசென்ஸில் கியர், ஆட்டோமேட்டிக் என்ற தனிப் பிரிவும் இல்லை.

ஆனால், பழைய ஏ.எம்.டி. காரில் கிளட்ச்சையும் கியரையும் இயக்கும் பாகம் பழுதானால் செலவு அதிகம். சாதாரண கியர் காரை எந்த மெக்கானிக்கும் பார்த்துவிடுவார். பட்ஜெட் குறைவு என்றால் கியர் கார். முழங்கால் வலி, வயது, தினமும் நெரிசலில் பயணம் போன்ற காரணம் இருந்தால் ஏ.எம்.டி. அப்போதும், முறையாக சர்வீஸ் செய்த ரசீதுகள் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

காலையிலேயே போங்கள்

வண்டியைப் பார்க்கப் பகலில், முடிந்தால் காலையில் போங்கள். 'வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த என்ஜின்தான் உண்மையைச் சொல்லும்.

* சாவியைத் திருப்பியதும் ஏர்பேக், ஏ.பி.எஸ். விளக்குகள் எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் பழுது. எரியவே இல்லை என்றால் இன்னும் மோசம். பழுதை மறைக்க யாரோ இணைப்பைத் துண்டித்திருக்கலாம்.

* ஸ்டார்ட் ஆனபின் தொடர்ந்து நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. என்ஜின் சூடான பிறகும் அடர்த்தியான வெள்ளைப் புகை வந்தால், கூலன்ட் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

* டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். '2319' என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் வயதாகி வெடித்திருக்கலாம்.

* மீட்டரில் 35,000 கிலோமீட்டர், ஆனால் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டீயரிங் பளபளக்கிறதா? சர்வீஸ் ரசீதுகளில் உள்ள கிலோமீட்டரோடு ஒப்பிடுங்கள்.

* காலியான சாலையில் நேராக ஓட்டி பிரேக் பிடித்தால், வண்டி ஒரு பக்கமாக இழுக்கக் கூடாது.

* கிளட்ச் பெடலை ஏறக்குறைய முழுவதும் விட்ட பிறகுதான் வண்டி நகர்கிறது என்றால், பிளேட் தேய்ந்திருக்கிறது. இதற்காக நல்ல வண்டியைக் கைவிட வேண்டாம். விலையில் குறைத்துக்கொள்ளுங்கள். பழகுபவர் எப்படியும் ஹாஃப் கிளட்ச்சில் அதைத் தேய்க்கத்தான் போகிறார். வழுக்காமல் இழுக்கிறது என்றால், பழகி முடித்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

முன்பு டாக்ஸியாக ஓடி, டி-போர்டிலிருந்து ஓன் போர்டுக்கு மாற்றிய வண்டிகளும் சந்தைக்கு வரும். ஓடிய தூரம் அதிகம் இருக்கும் என்பதால், இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா?

சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளத்திலும் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. அப்படிப்பட்ட வண்டியைக் கழுவிப் பளபளப்பாக்கிவிடலாம். ஆனால், வயரிங்கிலும் ஏர்பேக் இணைப்புகளிலும் புகுந்த ஈரம், ஒருநாள் வேலையைக் காட்டும்.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சேற்றுக் கறை தெரியும். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் மணல், கண்ணாடியை ஏற்றி ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் வரும் ஈர வாடை... இவையும் அடையாளங்கள். 'உள்ளே புது கார்பெட் போட்டுக் கொடுத்திருக்கிறோம்' என்றால், ஏன் என்று கேளுங்கள்.

பேப்பரில் கோட்டை விடாதீர்கள்

வண்டி எண்ணைக் கொண்டு அரசின் பரிவாஹன் இணையதளம் அல்லது எம்-பரிவாஹன் ஆப்பில் இன்ஷூரன்ஸ், எஃப்.சி., கடன், நிலுவை அபராதம் ஆகியவற்றைப் பார்க்கலாம். ஆப்பை பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் அபராத நோட்டீஸ் என்று வரும் போலி ஆப்பைத் தொட்டால், வங்கிக் கணக்குக்கே ஆபத்து.

ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால், வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெளி மாநில வண்டி என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. தேவை. டெல்லியில் பழைய டீசல், பெட்ரோல் கார்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால், அங்கிருந்து மலிவாக வண்டிகள் வரும். புதுச்சேரி எண் வண்டிகளும் உண்டு. இவற்றுக்குத் தமிழ்நாட்டில் வரி கட்ட வேண்டும். அதையும் விலையோடு கூட்டினால்தான் உண்மையான விலை தெரியும்.

கார் கன்சல்டிங்கில் வாங்குபவர்கள் பேப்பரை உஷாராகப் பார்ப்பார்கள். ஏமாறுவது பெரும்பாலும் சொந்தக்காரர் வண்டியில்தான். 'நம்ம மாமா வண்டிதானே, பெயரை மெதுவாக மாத்திக்கலாம்' என்று வருஷக்கணக்கில் ஓட்டுவார்கள். விபத்து நடந்தால், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டியைக் கொடுத்த மாமா இழப்பீட்டு வழக்கில் நிற்க வேண்டியிருக்கும். அவர் காலமாகிவிட்டால், வாரிசுகள் படிவம் 31 மூலம் முதலில் தங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும்.

இன்ஷூரன்ஸையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மாற்றாவிட்டால், உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்குப் பணம் கிடைப்பது சிக்கலாகும். நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது, அது விற்பவருக்கே சொந்தம். ஆனால், அவருடைய பாலிசியில் அந்த போனஸ் பூஜ்ஜியம் என்று இருந்தால், அண்மையில் கிளெய்ம் வாங்கியிருக்கலாம். என்ன விபத்து என்று விசாரியுங்கள்.

பணம் எவ்வளவு?

பேரம் பேசும் முன் இரண்டு எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, இன்ஷூரன்ஸ் பாலிசியில் உள்ள ஐ.டி.வி. மதிப்பு. இன்னொன்று, அதே காரின் இன்றைய புது விலை. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்து, புது கார் விலை இறங்கியது. பழைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு பேசுபவரிடம் இதைச் சொல்லலாம்.

கையில் 3 லட்சம் இருந்தால், 2.5 லட்சத்துக்குள் வண்டியைப் பாருங்கள். மீதி, பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ், பேட்டரி, டயர், முதல் சர்வீஸ், முதல் டிங்கரிங் செலவுக்கு. நம்பிக்கையான மெக்கானிக்குக் கூலி கொடுத்து அழைத்துப் போவதும் இந்தக் கணக்கில் சேரட்டும். புரோக்கர் அனுப்பும் மெக்கானிக் வேண்டாம்.

சாவி கைக்கு வந்த பிறகு

எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஓட்டும்போது, முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' இருக்க வேண்டும். பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இது வெறும் போலீஸ் விஷயமல்ல. இந்த விதியை மீறி ஓட்டும்போது விபத்து நடந்தால், இன்ஷூரன்ஸ் நிறுவனம் கிளெய்மை மறுக்க இடம் உண்டு. 'தெருமுனைக் கடைவரைக்கும்தானே' என்று தனியாக எடுத்துப் போவதும் இதில் அடங்கும்.

இப்படிப் பார்த்து வாங்கிய காரை, இரண்டு வருஷம் பழகிய பிறகு விற்பதும் எளிது. அதனால் முதல் நாளிலிருந்தே சர்வீஸ் ரசீதுகளை ஒரு ஃபைலில் சேர்த்து வையுங்கள். அடுத்து அதை வாங்க வருகிறவரும், எல் போர்டு ஒட்டப்போகிற ஒருவராக இருக்கலாம்.