பகுத்தனுப்பும் பணம்

கடல் கடந்து உழைப்பவர் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்து அடுப்பேற்றும் வீடுகள் சிலாபத்திலும் அதனை அடுத்த முன்னேஸ்வரத்திலும் பல. அப்பணம் வங்கி வழியே வருவதும் உண்டு. உண்டியல் வழியே வருவதும் உண்டு. நாட்டுக்கோட்டைச் செட்டிமார் இலங்கை, பர்மா, மலாயா எங்கும் கையாண்ட உண்டியல் வணிகரின் சொல்லுறுதியால் இயங்கியது. இன்றைய உண்டியலோ அரசின் அனுமதி பெறாதது. ஆயினும் அடிப்படை ஒன்றே. இத்தாலியில் ஒருவர் பணத்தைப் பெற்றுக்கொள்வார்; சிலாபத்தில் அவருடைய கூட்டாளி கொடுப்பார்; கணக்கு மட்டுமே கடல் கடக்கும். 2020ஆம் ஆண்டில் சுமார் 710 கோடி டொலராயிருந்த வங்கிவழி வருவாய், 2022இல் ஏறக்குறைய 379 கோடியாகச் சுருங்கியதற்கு மக்கள் இவ்வழியை நாடியதும் ஒரு காரணம்.

முன்னேஸ்வரத்தில் வீடு கட்டுவோர் ஒருவருக்கு ஆறு இலட்சம் ரூபா வரவேண்டும். சிலாபத்துக் கூட்டாளியின் கையிருப்போ மூன்று இலட்சம் என்று கொள்க. மீதியை வேறிருவர் வழியே அனுப்பலாம். ஒரு பகுதி வந்து மற்றது வழியில் நின்றுவிட்டால்? பாதிப் பணத்துக்குப் பாதிக் கூரை வேய்வதா? எழுத்தில் இல்லாத கணக்கை எந்த நீதிமன்றத்தில் வழக்காடுவது?

இதே இடர் கணினி நாணயமாகிய பிட்கொயினுக்கும் உண்டு. ஜோசப் பூன், தாடியஸ் டிரைஜா ஆகியோர் 2016இல் விரித்துரைத்த ‘மின்னல் வலை’ உண்டியலை ஒத்தது. இருவர் ஒரு தொகையைப் பொதுவிற் பூட்டிவைத்துத் தமக்குள் கணக்கை மாற்றிக்கொண்டேயிருப்பர். தொடக்கமும் முடிவுமே பொதுப் பேரேட்டில் பதியும். இத்தகைய வாய்க்கால்கள் பல இணைந்து வலையாகின்றன. வாய்க்காலின் கொள்ளளவுக்கு மேல் பணம் பாயாது. ஆதலின் பெருந்தொகையைப் பகுத்தே அனுப்ப நேரும்.

பாதி வந்து பாதி நிற்கும் இடருக்கு, 2018இல் ஒலாலுவா ஒசுன்டோகுன், கொனர் ஃபிரோம்னெக்ட் ஆகியோர் ஒரு வழி கூறினர். அனுப்புவோர் இரகசிய எண்ணொன்றைத் துண்டுகளாக்கி, பணத்தின் ஒவ்வொரு பகுதியோடும் ஒரு துண்டை விடுவர். எல்லாத் துண்டுகளும் சேர்ந்தாலன்றிப் பூட்டைத் திறக்கும் சாவி உருவாகாது. குறித்த நேரத்துள் ஒன்று வாராவிடினும், வந்தவை யாவும் அனுப்பியவரிடமே மீளும். இடைநிற்போர் கைப்பற்ற இயலாது. அழகிய ஏற்பாடுதான், எனினும் வாய்க்காலில் நீரில்லையேல் பூட்டு என்ன செய்யும்? பணம் பாதியாய்ப் போகாதென்பது உறுதி. முழுதாய்ப் போய்ச்சேரும் என்பதற்கு உறுதியில்லை.

பிட்கொயினின் விலையும் நாள்தோறும் ஏறி இறங்குவது. இத்தகைய நாணயங்களைக் குறித்து இலங்கை மத்திய வங்கி பலமுறை எச்சரித்துள்ளது. ஓடு விற்பவர் ரூபாவே கேட்பார். அந்த ரூபாவை எண்ணிக் கொடுக்கச் சிலாபத்தில் ஒருவர் வேண்டும். அவரை இந்தப் பூட்டு கட்டாது.