ஆர்டர் புக் நிறைந்தால் போதுமா?

அமெரிக்காவில் ஏஐ தரவு மையங்களின் மின்பசி ஏறியதில், எரிவாயுவை எரித்து மின்சாரம் தரும் கேஸ் டர்பைனுக்கு ஏகக் கிராக்கி. பெரிய டர்பைன் செய்வதில் உலகில் முன்னணியில் இருப்பவை மூன்றே நிறுவனங்கள்: ஜிஇ வெர்னோவா, சீமென்ஸ் எனர்ஜி, மிட்சுபிஷி ஹெவி இண்டஸ்ட்ரீஸ். இன்று ஆர்டர் கொடுத்தால் இயந்திரம் வந்து சேரப் பல ஆண்டுகள் ஆகும். இவர்களுக்குப் பிளேடும் வார்ப்புப் பாகங்களும் செய்து தரும் இந்தியக் கம்பெனிகளின் பங்குகள்தான் இப்போது வாட்ஸ்அப் குழுக்களில் 'அடுத்த மல்டிபேக்கர்' (விலை பல மடங்கு ஏறும் பங்கு) என்று சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இந்தத் தொழிலில் விஷயம் இல்லாமல் இல்லை. டர்பைனுக்குள் பாயும் வாயுவின் வெப்பம், பிளேடு செய்த உலோகக் கலவையின் உருகுநிலையையே தாண்டிவிடும். உள்ளே நுண்ணிய குளிர்விப்புத் துளைகளும் மேலே பீங்கான் பூச்சும் இருப்பதால்தான் பிளேடு தாக்குப்பிடிக்கிறது. இப்படிப்பட்ட பாகத்தைச் செய்ய ஒரு பட்டறைக்கு அனுமதி கிடைக்கவே ஆண்டுக்கணக்கில் ஆகும். கிடைத்துவிட்டால் வாடிக்கையாளர் எளிதில் வேறு இடம் தேட மாட்டார்.

ஆபத்தும் அங்கேயேதான் இருக்கிறது. வாங்குபவர் மூன்று நான்கு பேர். அவர்களில் ஒருவர் கையைச் சுருக்கினாலும், அந்த அளவில் செதுக்கிய பிளேடை வேறு யாரிடம் விற்பது? இது கற்பனைப் பயமல்ல. 2015இல் பிரெஞ்சு நிறுவனமான ஆல்ஸ்டோமின் மின்துறைத் தொழிலை வாங்கிய ஜிஇ (ஜிஇ வெர்னோவா பின்னாளில் பிரிந்து வந்த தாய் நிறுவனம்), டர்பைன் சந்தை படுத்துவிட்டதும் 2018இல் சுமார் 2,200 கோடி டாலர் மதிப்பைக் கணக்கிலிருந்து கழித்தது. விமான எஞ்சினுக்கும் டர்பைனுக்கும் வார்ப்பு செய்யும் பிரிசிஷன் காஸ்ட்பார்ட்ஸை 2016இல் வாங்கிய அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட், விமானத்துறை முடங்கிய 2020இல் சுமார் 1,000 கோடி டாலரைக் கழித்துவிட்டு, அதிக விலை கொடுத்துவிட்டேன் என்று பங்குதாரர்களிடம் ஒப்புக்கொண்டார். நல்ல கம்பெனிதான், வாங்கிய விலைதான் தவறு.

உள்நாட்டுத் தேவை காப்பாற்றும் என்றும் நம்பிவிட முடியாது. இந்தியாவில் 20,000 மெகாவாட்டுக்கு மேல் எரிவாயு மின்நிலையங்கள் இருக்கின்றன. கிருஷ்ணா-கோதாவரிப் படுகை எதிர்பார்த்த வாயுவைத் தராததாலும் இறக்குமதி வாயு விலை கட்டுப்படியாகாததாலும் அவற்றில் பெரும்பகுதி முழுத் திறனில் ஓடுவதே இல்லை. ஆகவே நம் பாகத் தயாரிப்பாளர்களின் பிழைப்பு ஏற்றுமதியில்தான். டாலர் மதிப்பும் அமெரிக்க இறக்குமதி வரியும் அவர்கள் லாபத்தை நேராகத் தொடும்.

இப்படிப்பட்ட பங்கை வாங்க நினைக்கும் உங்களுக்குச் சட்டம் தரும் முதல் உரிமை, தகவல். ஐபிஓவுக்கு (முதல் பொதுப் பங்கு வெளியீடு) வரும் கம்பெனி தன் விளக்க அறிக்கையில் ஆபத்துக் காரணிகளைச் சொல்லியே ஆக வேண்டும். முதல் ஐந்து வாடிக்கையாளர்களிடமிருந்து வருமானத்தில் எத்தனை சதவீதம் வருகிறது என்று அங்கே தேடுங்கள். திரட்டும் பணம் யாருக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். டர்பைன் பிளேடு செய்யும் ஹைதராபாத்தின் ஆசாத் எஞ்சினியரிங் 2023 டிசம்பரில் 740 கோடி ரூபாய் ஐபிஓ கொண்டுவந்தபோது, கம்பெனிக்குள் வந்தது 240 கோடி. மீதி 500 கோடி பழைய பங்குதாரர்களுக்கு. இதில் தப்பேதும் இல்லை, எல்லாம் அறிக்கையில் எழுதியிருந்ததுதான். அதன் முதலீட்டாளர் பட்டியலில் சச்சின் டெண்டுல்கர் பெயரும் இருந்தது. அவர் வாங்கிய விலை, நாம் கொடுக்க வேண்டியிருந்த விலையைவிட வெகு குறைவு. பிரபலத்தைப் பார்த்து வாங்குவோர் இதைக் கேட்பதே இல்லை!

பட்டியலிட்ட பிறகு, முக்கியமான ஆர்டர்களையும் அவை ரத்தாவதையும் கம்பெனி பங்குச்சந்தைக்கு அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பைச் சந்தையின் இணையதளத்திலேயே படியுங்கள். 'நீண்டகால ஒப்பந்தம்' என்று போடும் தொகை பல ஆண்டுகளுக்குரிய மதிப்பீடாக இருக்கலாம். இந்தக் காலாண்டு பில்லில் வரும் பணமல்ல.

விலை இறங்கி வரும் நஷ்டத்துக்கு எங்கும் நிவாரணம் கிடையாது. பொய்த் தகவல், அனுமதியில்லாமல் உங்கள் கணக்கில் நடந்த வர்த்தகம், வந்து சேராத டிவிடெண்ட் ஆகியவற்றுக்கு உண்டு. முதலில் கம்பெனிக்கோ தரகருக்கோ எழுத்தில் புகார் கொடுங்கள். தீராவிட்டால் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் ஸ்கோர்ஸ் புகார் தளத்தில் பதியலாம், கட்டணம் இல்லை. கம்பெனியோ தரகரோ 21 நாளில் பதில் தர வேண்டும். பிரச்சினை எழுந்து ஓராண்டுக்குள் பதிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகும் தகராறு நீடித்தால் ஆன்லைன் சமரசத்துக்கும் மத்தியஸ்தத்துக்கும் ஸ்மார்ட் ஓடிஆர் தளம் இருக்கிறது.

இந்த வழிகள் எல்லாம் பட்டியலிட்ட கம்பெனிகளோடும் செபியில் பதிவு பெற்றவர்களோடும் வைத்துக்கொண்ட உறவுக்கு மட்டுமே. 'ஐபிஓவுக்கு முன்பே பங்கு வாங்கித் தருகிறோம்' என்று டெலிகிராமில் அழைப்பவரிடமும், லிங்க்கில் வந்த போலி ஆப்பிலும் கட்டிய பணத்துக்கு இவை உதவாது. ஆலோசகரின் பதிவு எண்ணைச் செபி தளத்தில் சரிபார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டதென்றால் அந்தக் குழுவில் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டாம். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு உடனே அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் முடக்க முடியும்.