சஞ்செஸும் பெட்ரோசாவும் மோதியிருந்தால்?

பாரோய் அரங்கத்தில் பந்து விளையாட்டு முடிந்து வெளியே வரும் கூட்டத்தைக் கவனித்திருப்பீர்கள். ஆட்டம் முடிந்தாலும் வாக்குவாதம் முடியாது. 2006-இல் சூப்பர் லீக் பட்டம் வென்ற நெகிரி செம்பிலான் அணியும், 2009-இல் புக்கிட் ஜாலிலில் கிளந்தானை 3-1 என்று வீழ்த்தி மலேசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்த அணியும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்? தே தாரே ஆறி ஆடை படியும் வரை பேசுவார்கள். ஆளுக்கொரு தீர்ப்பு இருக்கும். முடிவு மட்டும் வராது.

குத்துச்சண்டை ரசிகர்களுக்கு இந்தப் பழக்கம் இன்னும் அதிகம். வட சென்னையில் சார்பட்டா பரம்பரையா, இடியப்ப நாயக்கர் பரம்பரையா என்று பேசிய பேச்சை 2021-இல் பா. ரஞ்சித்தின் படம் உலகத் தமிழர் எல்லாருக்கும் காட்டிவிட்டது. பழைய வீரர்களை மனத்திலேயே மோதவிட்டுப் பார்ப்பது வெட்டிப் பேச்சுதானே என்று சிலர் கேட்பார்கள். ஒழுங்காகப் பேசினால் அது வெட்டிப் பேச்சு அல்ல. எப்படி ஒழுங்காகப் பேசுவது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில், எந்த எடைப் பிரிவில் இந்தக் கற்பனை நியாயமாக இருக்கும்? ஹெவிவெய்ட் பிரிவில் இது சரிப்படாது. 1950-களின் வெற்றியாளர் ராக்கி மார்சியானோ 85 கிலோ அளவில் இருந்தவர். நம் காலத்து டைசன் பியூரி 110 கிலோவைத் தாண்டியவர். அங்கே கேள்வி வீரத்தைப் பற்றியது அல்ல, உருவத்தைப் பற்றியது. பெதர்வெய்ட் அப்படியல்ல. பல தலைமுறைகளாக உச்சவரம்பு 126 பவுண்டு, அதாவது 57 கிலோ சொச்சம். பெயர்தான் இறகு. அந்த இறகு விலாவில் இறங்கினால் பெரிய ஆளும் மூச்சுக்குத் திணறுவார்.

எனவே மெக்சிகோவின் சல்வடோர் சஞ்செஸையும் பனாமாவின் யூசெபியோ பெட்ரோசாவையும் எடுத்துக்கொள்வோம். இவர்கள் வெவ்வேறு காலத்தவர் அல்லர். 1980 முதல் 1982 வரை ஒரே நேரத்தில் இருவரும் பெதர்வெய்ட் உலக வெற்றியாளர்கள். சஞ்செஸிடம் டபிள்யூ.பி.சி. பட்டம், பெட்ரோசாவிடம் டபிள்யூ.பி.ஏ. பட்டம். ஒரே வகுப்பில் இரண்டு முதல் மாணவர்கள் மாதிரி. ஆனால் ஒருவரை ஒருவர் சந்திக்கவே இல்லை. 1982 ஆகஸ்டு 12 அதிகாலையில் சஞ்செஸ் தமது போர்ஷே காரில் போய் விபத்தில் மாண்டார். வயது 23. அதற்கு மூன்று வாரம் முன்புதான் நியூயார்க்கில் பட்டத்தைத் தற்காத்திருந்தார். பெட்ரோசா அதன் பிறகும் மூன்றாண்டுகள் பட்டத்தை வைத்திருந்து, மொத்தம் 19 முறை தற்காத்து, 1985 ஜூனில் லண்டனில் பெரி மெக்குய்கனிடம் இழந்தார். 2019-இல் காலமானார். ஆக, இந்தப் போட்டியை நாம் பேசித்தான் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை.

பேசுவதற்கு முன் ஒரு விஷயத்தை முடிவு செய்ய வேண்டும். எந்த நாளின் சஞ்செஸ்? எந்த நாளின் பெட்ரோசா? பெயரை மட்டும் சொன்னால் போதாது. அமெரிக்கர் வில்லி பெப்பைப் பாருங்கள். 1942-இல் பட்டம் வென்றவர், 1947 ஜனவரியில் விமான விபத்தில் முதுகும் காலும் முறிந்து, அதே ஆண்டு ஜூனில் மேடைக்குத் திரும்பினார். 1948-இல் சேண்டி சாட்லரிடம் நான்காவது சுற்றில் வீழ்ந்தார். 1949-இல் அதே சாட்லரைப் புள்ளியில் வென்றார். பிறகு இரு முறை மீண்டும் தோற்றார். ஆகவே 'பெப் ஜெயிப்பார்' என்று யாராவது சொன்னால், விபத்துக்கு முந்திய பெப்பா, பிந்திய பெப்பா என்று கேளுங்கள். அவர்கள் ஆட்டத்தை எந்த அளவு அறிந்தவர்கள் என்பது அந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிடும். நம் போட்டிக்கு 1982 தொடக்கத்தை வைத்துக்கொள்வோம். இருவருமே உச்சத்தில் இருந்த நேரம்.

அடுத்தது விதி. இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். அன்று உலகப் பட்டப் போட்டி 15 சுற்று. 1975 ஜூலை முதல் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் முகம்மது அலியும் ஜோ பக்னரும் நம்மூர் வெயிலில் 15 சுற்றும் முழுதாக நின்றார்கள். 2018 ஜூலையில் அதே கோலாலம்பூரில் பக்கியாவும் மத்தீசேயும் மோதியபோது ஒப்பந்தம் 12 சுற்றுக்குத்தான். ஏழாவதிலேயே முடிந்துவிட்டது என்பது வேறு விஷயம். இடையில் நடந்தது என்ன? 1982 நவம்பரில் ரே மன்சினியுடன் மோதிய தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ 14-ஆவது சுற்றில் விழுந்தார், சில நாளில் இறந்தார். அதற்குப் பிறகு டபிள்யூ.பி.சி. 12 சுற்றாகக் குறைத்தது. மற்ற அமைப்புகளும் சில ஆண்டுகளில் அதே வழிக்கு வந்தன. ஓர் உயிரின் விலை கொடுத்து வந்த மாற்றம் அது. அதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் சஞ்செஸின் கணக்கை அது எப்படிப் பாதிக்கிறது பாருங்கள். 1980 பிப்ரவரியில் டேனி லோப்பெஸை வீழ்த்திப் பட்டம் பறித்தது 13-ஆவது சுற்றில். ஜூனில் அதே லோப்பெஸை மறுபடி நிறுத்தியது 14-ஆவதில். 1982 ஜூலையில் அசுமா நெல்சனை நிறுத்தியது 15-ஆவதில். மூன்றும் இன்றைய விதிப்படி இல்லாத சுற்றுகள்! மெதுவாகத் தொடங்கி, எதிராளியின் கையைப் படித்து, அவர் அடித்து முடிக்கும் கணத்தில் திருப்பி அடித்து, கடைசியில் அறுவடை செய்கிறவர் அவர். இன்றைய 12 சுற்றில் அவரை இறக்கினால் அறுவடைக்கு முன்பே வரப்பை விட்டு இறக்கிய மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவது, சான்று. இருவரும் அடித்த ஒரே எதிராளிகள் உண்டா? உண்டு. கயானாவைச் சேர்ந்த உயரமான வீரர் பேட்ரிக் போர்ட். 1980 செப்டம்பரில் சஞ்செஸ் அவரிடம் 15 சுற்றும் திணறிப் புள்ளியில்தான் வென்றார். ஒரு நடுவர் சமநிலை என்றே எழுதினார். ஐந்து மாதம் கழித்து பெட்ரோசா அதே போர்டை 13-ஆவது சுற்றில் நாக்-அவுட் செய்தார். அப்படியானால் பெட்ரோசாதான் பெரியவரா? அவசரப்பட வேண்டாம். ராமன் சோமனை அடித்தான், சோமன் குப்பனை அடித்தான், ஆகவே ராமன் குப்பனை அடிப்பான் என்ற கணக்கு பள்ளிக்கூடத்து மைதானத்திலேயே பொய்த்துவிடும். போர்டின் கதை நமக்குச் சொல்வது வேறு: நீண்ட கையும் உயரமும் உள்ளவர் சஞ்செஸுக்குத் தொல்லை. பெட்ரோசாவோ நீண்ட கையும் உயரமும் உள்ளவர்.

இன்னொருவர் ஹுவான் லபோர்ட். 1980 டிசம்பரில் சஞ்செஸ் அவரைத் தெளிவாகப் புள்ளியில் வென்றார். 1982 ஜனவரியில் பெட்ரோசாவும் புள்ளியில் வென்றார். ஆனால் இடுப்புக்குக் கீழேயும் சிறுநீரகப் பக்கமும் அவர் போட்ட குத்துகளைப் பற்றி நெடுநாள் சர்ச்சை நடந்தது. பெட்ரோசாவின் கெட்டிக்காரத்தனத்தில் பாதி நடுவரின் கண் எங்கே இருக்கிறது என்பதை அறிந்திருப்பதுதான். எனக்கு அது பிடிக்காது. ஆனாலும் டோக்கியோ, சியோல், போர்ட் மோர்ஸ்பி, கராகஸ் என்று அடுத்தவர் வீட்டுக்குப் போய்ப் பட்டத்தைத் தற்காத்தவர் என்பதை மறைக்கக் கூடாது. வீட்டுக்குள்ளேயே இருந்து கொடி நாட்டியவர் அல்லர்.

பெட்ரோசாவின் தாடை எப்படி? 1976-இல், இளம் வயதில், பேன்டம்வெய்ட்டில் அல்போன்சோ சமோராவிடம் இரண்டாவது சுற்றிலேயே வீழ்ந்தவர். பெதர்வெய்ட்டுக்கு ஏறிய பிறகு உடல் தேறிவிட்டது. ஆயினும் கூர்மையாகத் திருப்பி அடிப்பவருக்கு அது ஒரு கதவு. சஞ்செஸின் கூர்மைக்குச் சாட்சி வேண்டுமென்றால் 1981 ஆகஸ்டு 21 இருக்கிறது. 32 வெற்றிகளையும் நாக்-அவுட்டிலேயே பெற்று, தோல்வியே அறியாமல் கீழ் எடையிலிருந்து ஏறி வந்த வில்பிரடோ கோமெஸை முதல் சுற்றிலேயே தரையில் உட்கார வைத்தார். எட்டாவதில் முடித்தார். மெதுவாகத் தொடங்குகிறவர் என்று மேலே சொன்னேனே, எதிராளி தானாகப் பாய்ந்து வந்தால் அவர் காத்திருக்க மாட்டார்.

இங்கேதான் முடிச்சு. பெட்ரோசா பாய மாட்டார். நீண்ட இடது கையால் தூரத்தை அளந்துகொண்டு, நெருங்கினால் கட்டிப்பிடித்து, பிடிக்குள் இடிப்பார். சஞ்செஸுக்குத் திருப்பி அடிக்கப் பொருளே கிடைக்காது. முதல் ஐந்து சுற்றில் நான்கை பெட்ரோசாவுக்குக் கொடுக்கிறேன். ஆறிலிருந்து சஞ்செஸ் உடம்பைக் குறி வைப்பார். அவர் களைக்காத ஆள், நெல்சனுடன் கடைசிச் சுற்றில்தான் வேகமே கூடியது. 12 சுற்று முடிவில் என் அட்டையில் ஆளுக்கு ஆறு, சமநிலை. இன்றைய விதி என்றால் இருவரும் தத்தம் பட்டத்தோடு வீடு திரும்புவார்கள். அன்றைய விதிப்படி இன்னும் மூன்று சுற்று பாக்கி. 13-ஐயும் 14-ஐயும் சஞ்செஸுக்கும், 15-ஐச் சமமாகவும் போடுகிறேன். கூட்டினால் 144-142, சஞ்செஸ். கண்டிப்பான நடுவர் ஒருவர் கீழ்க்குத்துக்கு ஒரு புள்ளி வெட்டினால் 144-141.

உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். அப்படியானால் எந்தச் சுற்றில் வேறுபடுகிறது என்று எழுதுங்கள்.