தரை டிக்கெட் ஆசாமிகள்

டூரிங் டாக்கீஸில் ‘தரை டிக்கெட்’ என்றொரு சமாசாரம் இருந்தது. மணலைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டால் ராஜாதான். படத்தை அவர்கள் அளவுக்கு ரசித்தவர்கள் சேர் டிக்கெட்டில் யாரும் கிடையாது.

மீன் தொட்டியிலும் அப்படி ஒரு கோஷ்டி உண்டு. கோரிடோராஸ் என்று பெயர். கடைக்காரர்கள் சுருக்கமாகக் ‘கோரி’ என்பார்கள். நம் ஊர் கெளுத்திக்குத் தூரத்துச் சொந்தம். தென் அமெரிக்கப் பிறப்பு. இரண்டு, இரண்டரை அங்குல நீளம், குட்டியாய் ஒரு மீசை, வாத்தியார் மாதிரி உருண்டைக் கண். நாள் முழுக்கத் தரையிலேயே குடித்தனம்.

வண்ண மீன் வியாபாரத்துக்கு நாடு முழுக்கப் பேர் வாங்கிய ஏரியா நம் சென்னைக் கொளத்தூர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பக்கம் போய் ஏதாவது ஒரு கடை வாசலில் சும்மா நில்லுங்கள். பத்து நிமிஷத்துக்குள் இந்த வசனம் காதில் விழும்:

“டேங்க்ல கீழே அழுக்கு சேருதா சார்? இத்த ஒண்ணு வுட்டுடுங்க. அல்லாத்தையும் துன்னு கிளீன் பண்ணிடும்!”

“தனியா சாப்பாடு போடணுமாங்க?”

“அதெல்லாம் வாணாம் சார்.”

நான் பி.காம். படித்தவன். இந்த இரண்டு வரி விளம்பரத்தை ஆடிட்டிங்குக்கு அனுப்பினால் சிவப்பு மசி தீர்ந்துபோகும். ‘ஒண்ணு’ என்பது தப்பு. ‘அல்லாத்தையும் துன்னும்’ தப்பு. ‘கிளீன் பண்ணும்’ தப்பு. சாப்பாடு வேண்டாம் என்பது தப்பு மட்டுமல்ல, பாவமும்கூட.

மற்ற மீன்களின் எச்சத்தைக் கோரி தின்னாது. கண்ணாடியில் படியும் பாசியையும் சீந்தாது. ஆற்றில் அது தேடித் தின்பது மணலுக்குள் ஒளிந்திருக்கும் புழு, பூச்சிகளின் லார்வா, இந்த மாதிரி ஐட்டங்களைத்தான். அசைவப் பிரியரைக் கூட்டிவந்து, மற்றவர்கள் சாப்பிட்ட இலையை வழித்துத் தின்று பிழைத்துக்கொள் என்றால் என்ன அர்த்தம்?

மேல்தட்டு மீன்கள் இருக்கின்றனவே, அவை சாப்பாட்டு விஷயத்தில் கல்யாண வீட்டு முதல் பந்தி ரகம். நீங்கள் தூவும் தீனி தரைக்கு வந்து சேர்வதற்குள் முக்கால்வாசி காலி. மிச்சம் கல் இடுக்கில் போய் அழுகும். அந்தக் காலத்து மருமகள் மாதிரி, எல்லாரும் சாப்பிட்ட பிறகு பாத்திரத்தைச் சுரண்டும் பிழைப்புதான் கோரிக்கு. இதில் ஒரு கொடுமை, அது இளைப்பது வெளியே தெரியாது. உடம்பின் இரண்டு பக்கமும் எலும்புத் தகடுகள் ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கியிருக்கும். கோரிடோராஸ் என்ற கிரேக்கப் பெயரிலேயே தலைக்கவசமும் மார்க்கவசமும் இருக்கின்றன. கவசத்துக்குள் இருக்கும் ஆள் பட்டினியா, சாப்பிட்டாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மீன் கண்ணாடியோரம் வரும்போது கீழேயிருந்து வயிற்றைப் பாருங்கள். லேசாக உப்பியிருந்தால் சௌக்கியம். உள்வாங்கிக் குழி விழுந்திருந்தால் பட்டினி. பல வீடுகளில் ஒரு நாள் அது செத்துக் கிடக்கும். ‘பாவம், வயசாயிடுச்சு’ என்று சொல்லி எடுத்துப் போடுவார்கள். நன்றாக வைத்துக்கொண்டால் பத்து வருஷம்கூட இருக்கக்கூடிய மீனுக்கு, ஆறு மாசத்தில் எங்கிருந்து சார் வயசாகும்?

வைத்தியம் சுலபம். மூழ்கும் மாத்திரைத் தீனி என்றே தனியாக விற்கிறார்கள். ராத்திரி லைட்டை அணைத்து, மேல்தட்டுக்காரர்கள் அடங்கிய பிறகு இரண்டு மாத்திரையை உள்ளே போட்டுவிடுங்கள். கோரிக்கு இருட்டு ஒரு பொருட்டே இல்லை. மீசையிலேயே ருசி பார்க்கும் ஜாதி அது. விடிந்ததும் தரையில் மிச்சம் கிடந்தால் அளவைக் குறைக்க வேண்டியது. வாரம் ஒரு நாள் ஃப்ரோஸன் புழு கொடுத்தால் தீபாவளி. உயிரோடு விற்கும் டியூபிஃபெக்ஸ் புழு, சாக்கடை ஓரங்களில் அள்ளப்படுகிற சரக்கு. நிறையத் தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசாமல் தொட்டியில் விடாதீர்கள்.

சாப்பாடு ஆயிற்று, இனி படுக்கை.

நம் வீடுகளில் தொட்டி என்றாலே சிவப்பு, நீலம், பச்சை என்று கலர் கலராய்ச் சல்லி கொட்டினால்தான் நிறைவு. கோரிக்கு அது முள் பாய். முகத்தை மணலுக்குள் புதைத்து, ஒரு வாய் அள்ளி, தின்பதை மட்டும் பிரித்துக்கொண்டு, மணலைச் செவுள் வழியாகப் புஸ்ஸென்று வெளியே விடுவதுதான் அதன் வாழ்நாள் வேலை. சல்லியில் இது நடக்காது. கூர்மையான கல்லும் அழுகிய தீனியும் சேர்ந்தால் மீசை கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, கடைசியில் மொட்டையாகிவிடும். அதனால் நைஸாகச் சலித்த ஆற்று மணல் இரண்டு விரல்கடை உயரம் போதும். கழுவிய தண்ணீர் தெளிகிற வரை கழுவுங்கள். வீடு கட்ட இறக்கிய எம்-சாண்டில் கை வைக்காதீர்கள், அது கல்லை உடைத்த தூள், முனையெல்லாம் கூர். பீச் மணலும் கூடாது. கிளிஞ்சல் கலந்திருப்பதால் தண்ணீரின் கடினம் ஏறும்.

தொட்டி வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். தரை டிக்கெட்டுக்குத் தரைதானே முக்கியம்? இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி ஏறக்குறைய 55 லிட்டர் பிடிக்கும். ஆறு கோரிக்கும் மேலே பத்துப் பன்னிரண்டு சின்ன டெட்ராவுக்கும் அது தாராளம்.

அதென்ன ஆறு? அங்கேதான் அந்த ‘ஒண்ணு வுட்டுடுங்க’ அடிபட்டுப் போகிறது. கோரி கூட்டுக் குடும்பத்து மீன். ஆற்றில் கும்பல் கும்பலாகத்தான் திரியும். தனியாக விட்டால் மூலையில் ஃபில்டர் பின்னால் போய் ஒதுங்கி, பகலெல்லாம் வெளியே தலை காட்டாது. அதே மீனை இன்னும் ஐந்து பேரோடு விடுங்கள், தொட்டியே தெருக்கூத்துதான்! கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த மீனைப் பற்றியது. போகிற போக்கில் ஒன்றையொன்று உடம்பால் லேசாக இடித்துக்கொள்கின்றன அல்லவா, கூட்டம் கலையாமல் சேர்ந்து போக அந்த இடி உதவுகிறதாம். ‘வாடா, போலாம்’ என்று தோளில் தட்டுகிறோமே, கிட்டத்தட்ட அதுதான். தட்டுவதற்கு ஆளே இல்லாத மீன் என்ன செய்யும்?

ஆறும் ஒரே இனமாக இருக்கட்டும். வெரைட்டிக்காக இதில் இரண்டு, அதில் இரண்டு என்று புடவைக் கடை மாதிரி எடுக்காதீர்கள். வகைகளோ 170-க்கு மேல். 2024-ல் விஞ்ஞானிகள் இந்தக் குடும்பத்தைப் பாகப்பிரிவினை செய்து, பல மீன்களுக்குப் பேரினப் பெயரையே மாற்றிவிட்டார்கள். புத்தகத்தில் ஒரு பெயர், இன்னொரு இடத்தில் வேறு பெயர் என்று இருந்தால் குழம்ப வேண்டாம். கொளத்தூரில் அவையெல்லாம் இன்னும் கோரிதான்!

எந்த இனம் என்பதில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும், முக்கியமாக நம் வெயிலுக்கு. உடம்பெல்லாம் மிளகு தூவின மாதிரி புள்ளி போட்ட பெப்பர்டு கோரி பார்க்க ஜோர். பீகிள் கப்பல் பயணத்தில் டார்வின் சேகரித்த மீன்களில் ஒன்று, 1842-ல் பெயர் சூட்டப்பட்டது என்று பரம்பரைப் பெருமையெல்லாம் உண்டு. ஆனால் பிளேட் நதிப் பக்கத்துக் குளிர்ச்சியில் வளர்ந்த பேர்வழி. 23, 24 டிகிரிக்கு மேல் போனால் அதற்கு அவஸ்தை. சென்னையில் மே மாதம் தொட்டித் தண்ணீர் 31-ஐச் சாதாரணமாகத் தொடும். அதைக் கொண்டுவந்து இங்கே விடுவது, ஊட்டி ஆளை அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடியில் படுக்க வைப்பது போல. நமக்குத் தோதானவை பித்தளை நிறத்து பிரான்ஸ் கோரி, அதன் வெள்ளை ரகமான அல்பினோ, இன்னும் சூடு தாங்குகிற ஸ்டெர்பை. இவற்றுக்கும் 30-ஐத் தாண்டினால் சிரமம்தான். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்ஸிஜன் தங்காது. மூடியைத் திறந்து மேலே வலையைக் கட்டி, டேபிள் ஃபேன் காற்று தண்ணீர் மேல் படும்படி வையுங்கள். ஆவியாகும்போது இரண்டு டிகிரியாவது இறங்கும். ஐஸ் கட்டியை அள்ளிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். திடீர்க் குளிர்ச்சி சூட்டைவிட மோசம். கரண்ட் கட்டுக்கு பாட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

எங்கள் மாடி வீட்டு மாமி ஒரு நாள் பதறிக்கொண்டு கூப்பிட்டார்: “ஏம்ப்பா, இது விடுவிடுன்னு மேலே போய் வாயைப் பொளந்துட்டு வர்றதே! தண்ணியிலே மூச்சு முட்டறதா என்ன?”

“இல்லை மாமி, அது பழக்கதோஷம்.”

கோரி செவுளால் மூச்சு விடுவதோடு நிற்பதில்லை. ராக்கெட் மாதிரி மேலே போய் ஒரு மடக்குக் காற்றை விழுங்கிவிட்டு வரும். அந்தக் காற்றிலிருந்து குடல் ஆக்ஸிஜனை உறிஞ்சிக்கொள்ளும். வறட்சியில் தேங்கி நிற்கும் குட்டையில் உயிர் பிழைக்க இயற்கை கொடுத்த வரம். எப்போதாவது ஒரு தடவை போனால் கவலையில்லை. எல்லா மீனும் நிமிஷத்துக்கு நிமிஷம் மேலும் கீழும் லிஃப்ட் விட்டால்தான் விபரீதம். சூடோ, அழுக்கோ, அம்மோனியாவோ ஏறிவிட்டது என்று அர்த்தம். உடனே கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

மற்றபடி வாரம் ஒரு தரம் அதே கால் பங்கு, மணல் மேலே படிந்த அழுக்கைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு. ஆமாம், கிளீன் பண்ணுவது நீங்கள்தான், கோரி இல்லை! மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும், மருந்து விட்டு முறித்த பிறகுதான் ஊற்ற வேண்டும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர் வீணாகிறதே என்று அதை ஊற்றுகிற சிக்கனச் சிகாமணிகள் உண்டு. அது உப்பெல்லாம் கூடிப்போன தண்ணீர், பாத்ரூம் கழுவ உபயோகப்படுத்துங்கள். புதுத் தொட்டி என்றால் ஃபில்டரில் நல்ல பாக்டீரியா குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்கு முன்னால் கோரியை விட்டால் கிரகப்பிரவேசத்தன்றே கருமாதி.

கூட்டாளி யார் யார்? நியான், ராஸ்போரா போன்ற சின்ன சாதுக்கள். ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது. பயந்தால் கோரி துடுப்பு முள்ளை விறைப்பாகப் பூட்டிக்கொள்ளும். விழுங்கப் போன பெரிய மீனின் தொண்டையில் சிக்கி இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சங்குதான். அந்த முள் வலையிலும் மாட்டும், நம் விரலிலும் சுருக்கென்று ஏறும். கடையில் வாங்கும்போது டப்பாவில் மொண்டு, இரட்டைக் கவரில் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

சரி, சந்தோஷமாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒன்று, கண்ணடிக்கும்! இமை கிடையாது, விழியையே கீழ்ப்பக்கம் சுழற்றி ஒரு வெட்டு வெட்டும். (முதல் தடவை என் மனைவி கவனித்துவிட்டு, “ஏங்க, அது உங்களைப் பார்த்தா அடிக்குது?” என்றாள்.) இன்னொன்று, முட்டை. தென் அமெரிக்காவில் மழைக்காலம் தொடங்கிக் குளிர்ந்த தண்ணீர் வரும்போது ஜோடி சேர்கிற மீன் இது. நாமும் தண்ணீர் மாற்றும்போது இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்த தண்ணீரை மெதுவாக விட்டால், மழை வந்துவிட்டது என்று நம்பிவிடும். அப்புறம் நடப்பது ஒரு விசித்திரம். பெண் மீன் ஆணின் விந்தை வாயால் குடித்து, அது குடல் வழியாக ஓடி வெளியே வந்து, அடித்துடுப்பில் ஏந்தியிருக்கும் முட்டைகள்மேல் படுகிறது. 1995-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் பிரான்ஸ் கோரியிடம் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

பிறகு கண்ணாடியை நன்றாகத் துடைப்பது போல் வாயால் சுத்தம் செய்து, முட்டைகளை ஒட்டும். (கோரி கிளீன் பண்ணுகிற ஒரே இடம்!) பார்த்தவுடன் விரலால் மெல்ல உருட்டி எடுத்து, அதே தொட்டித் தண்ணீர் ஊற்றிய ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, காற்றுக் குழாயை லேசாக விட்டுவையுங்கள். மூன்று, நாலு நாளில் பொரியும். அப்படியே விட்டால் விடிவதற்குள் ஒன்றும் மிஞ்சாது. தின்பது மேல்தட்டு மீன்கள் மட்டுமில்லை, பெற்ற அம்மாவே வந்து ஒரு கை பார்ப்பாள்.

மாடி வீட்டு மாமியிடம் இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை.