உப்பும் ஈரமும் படிகமும்

கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை அடுத்த நெட்டுக்குப்பத்து நேயர்களுக்கு உப்பு விளையும் விதத்தை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பாத்தியில் தேங்கிய நீர் வெயிலில் சுண்ட, கரைந்திருந்த உப்பு கல்லாகிறது. மெல்லச் சுண்டினால் கல் பெருக்கும். விரைந்து சுண்டினால் பொடியாகும்.

கோழிமுட்டை வெண்கருவிலுள்ள லைசோசைம் என்னும் புரதமும் ஏறக்குறைய இவ்வாறே படிகமாகிறது. அதைப் படிகமாகத் தூண்டுவதும் நாம் உண்ணும் உப்பேதான்! ஆனால் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. உப்புக்கல்லின் அணு அமைப்பில் நீருக்கு இடமில்லை. புரதப் படிகங்களிலோ பெரும்பாலும் பாதியளவு நீரே. மூலக்கூறுகள் சிற்சில இடங்களில் மட்டும் ஒன்றையொன்று தொட்டு நிற்க, இடைவெளிகளில் நீர் நிறைந்திருக்கும். கருவாட்டைப் போல அதனை உலர்த்தினால் ஒழுங்கு குலைந்துவிடும். 1934இல் பெர்னலும் டோரதி கிரோஃபூட்டும் கேம்பிரிட்ஜில் பெப்சின் படிகத்தை ஈரம் போகாமல் காத்து எக்ஸ் கதிரைச் செலுத்திய பிறகே தெளிவான புள்ளிகள் படத்தில் விழுந்தன.

அப்புள்ளிகளைக் கொண்டுதான் அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறார்கள். புள்ளிகள் படத்தின் ஓரம்வரை பரவினால் நுட்பம் தெரியும். நடுவிலேயே நின்றுவிட்டால் வெறும் உருவக்கோடுதான். ஒரு மருந்து புரதத்தின் எந்தக் குழிவில் சென்று பொருந்துகிறது என்பதை அத்தகைய மங்கற் படத்தில் காண இயலாது. மாதக்கணக்கில் வளர்த்த படிகம் அவ்வாறு ஏமாற்றினால் என் செய்வது?

ஈரம் மிகுந்திருப்பதும் ஒரு குறையாகலாம். நீர் மிகுந்தால் மூலக்கூறுகள் தளர்ந்து நிற்கும். சிறிதளவு நீரை வெளியேற்றினால் அவை நெருங்கிப் புதிய பிடிப்புகளைப் பெறும். மில்லிமீட்டரைக் கோடிக் கூறிட்டால் ஒரு கூறு ஓர் ஆங்ஸ்ட்ராம். டி.எஸ்.பி.ஜி. என்னும் பாக்டீரியப் புரதத்தின் படிகம் 10 ஆங்ஸ்ட்ராம் அளவுக்கே விவரம் காட்டியது. நீரைக் குறைத்ததும் 2 ஆங்ஸ்ட்ராம் வரை காட்டியது. 2003இல் வெளியான இம்முடிவு எனக்கு இன்றும் வியப்பே.

நம் நாட்டில், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் எம். விஜயன் குழுவினர் 1980களிலிருந்தே இந்த நீரிழப்பை முறையாக ஆராய்ந்தனர். சுற்றுக்காற்றின் ஈரப்பதம் சுமார் 90 சதவீதமாகக் குறையும்போது லைசோசைம் படிகத்தின் அமைப்பே மாறுவதை அவர்கள் கண்டனர்.

ஈரத்தை அளவாகக் குறைக்கவும் உப்பே உதவுகிறது. மெல்லிய கண்ணாடிக் குழாயில் படிகத்தை வைத்து, சற்றுத் தள்ளி உப்புக்கரைசல் ஒரு துளியிட்டு, இரு முனைகளையும் அடைத்துவிடுவர். கரைசல் செறிவாக ஆக, உள்ளிருக்கும் காற்றின் ஈரம் குறையும். உப்பு முழுதும் கரைந்து செறிந்த நீருக்கு மேலுள்ள காற்றில் ஏறத்தாழ 75 சதவீத ஈரப்பதமே நிற்கும். அந்த நிலையைப் பல படிகங்கள் தாங்கமாட்டா. ஆகவே படிப்படியாகச் செறிவை உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் படமெடுத்துப் பார்க்க வேண்டும். எல்லாப் படிகமும் இணங்குவதில்லை, சில வெடித்துவிடும். எனவே ஒரே கரைசலில் வளர்ந்த படிகங்களுள் சிறியவற்றிலேயே முதலில் சோதித்து, மிக நல்லதைக் கடைசிவரை அதன் தாய்க்கரைசலிலேயே விட்டுவைக்கிறார்கள்.