சான்றிதழ் மட்டும் மிஞ்சும் பயிற்சி

சென்னையின் கிண்டி தொழிற்பேட்டை 1958-இல் தொடங்கியது. தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் 1984-இல் வந்தது. பிறகு மறைமலை நகர், மஹிந்திரா சிட்டி, ஒரகடம் என்று ஆலைகள் தெற்கே நகர்ந்தன, ஓ.எம்.ஆர். நெடுகிலும் மென்பொருள் நிறுவனங்கள் எழும்பின. இதே வட்டாரத்தில்தான் குரோம்பேட்டை, சேலையூர், வண்டலூர், பொத்தேரி, கேளம்பாக்கம் என்று கல்லூரிகளும் நெருக்கமாக இருக்கின்றன. படிக்கும் இடமும் தொழில் நடக்கும் இடமும் ஒரே மின்சார ரயிலில், ஒரே பேருந்தில் எட்டிவிடும் தூரத்தில் இப்படி அமைந்த ஊர்கள் நாட்டில் அதிகம் இல்லை. ஆனாலும் விடுமுறையில் இன்பிளான்ட் டிரெய்னிங் அல்லது இன்டர்ன்ஷிப் முடித்துவரும் மாணவர்களில் பலர் சொல்வது ஒன்றுதான்: “சும்மா உட்கார வைத்திருந்தார்கள்.” இந்த ஏமாற்றத்துக்கு மாணவரின் அக்கறையின்மையையோ ஏதோ ஒரு நிறுவனத்தின் அலட்சியத்தையோ காரணம் காட்டிவிட்டு நகர்வது எளிது. ஆனால் ஆண்டுதோறும், வெவ்வேறு துறைகளில், வெவ்வேறு நிறுவனங்களில் ஒரே குறை திரும்பத் திரும்ப எழுகிறது என்றால், கோளாறு ஏற்பாட்டிலேயே இருக்கிறது. நாம் மாணவரிடம் கேட்பது சான்றிதழை. கேட்டது கிடைக்கிறது, கற்றல் கிடைப்பதில்லை.

நடைமுறையைப் பாருங்கள். கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் போகிறது. யாராவது தெரிந்தவர் மூலம் ஹெச்.ஆர். பிரிவில் அனுமதி கிடைக்கிறது. முதல் நாள் பாதுகாப்பு வகுப்பு, தொப்பி, காலணி. இரண்டாம் நாள் ஆலையைச் சுற்றிக் காட்டுகிறார்கள். மூன்றாம் நாளிலிருந்து மாணவரை என்ன செய்வது என்று எவருக்கும் தெரிவதில்லை. ஷிப்டுக்கு இத்தனை உருப்படி என்ற கணக்கோடு ஓடிக்கொண்டிருக்கும் சூப்பர்வைசருக்கு, இரண்டு வாரத்தில் போய்விடப்போகும் ஒருவருக்குச் சொல்லித்தர நேரமும் இல்லை, அதற்காக அவருக்குப் பாராட்டோ படியோ கிடைப்பதும் இல்லை. ஆகவே ஸ்டோர் ரூம் பதிவேட்டை எக்செல்லில் ஏற்றும் வேலை மாணவர் கைக்கு வருகிறது, அல்லது அதுவும் வருவதில்லை. மென்பொருள் நிறுவனமாக இருந்தால், பதிவுசெய்த காணொளிகளைப் பார்க்கச் சொல்லிவிட்டு, முன்பே பலர் செய்து முடித்த ‘புராஜெக்ட்’ ஒன்றைக் கொடுக்கிறார்கள். வேறு வழியில்லாதவர்கள் பணம் கட்டிச் சான்றிதழ் வாங்கும் மையங்களுக்குப் போகிறார்கள். பயிற்சிக்காக நிறுவனத்துக்கு மாணவர் பணம் தருவது எவ்வளவு தலைகீழான காரியம்! அதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டோம்.

விதிகள் இதைத் தடுப்பதாக இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி இரண்டு வாரப் பயிற்சிக்கு ஒரு கிரெடிட், நான்கு வாரத்துக்கு இரண்டு. முடிவில் மாணவர் தரவேண்டியவை நிறுவனத்தின் சான்றிதழும் ஒரு சுருக்கமான அறிக்கையும். மூன்று பேர் கொண்ட துறைக் குழு வாய்மொழித் தேர்வு நடத்தி மதிப்பெண் போடுகிறது. இந்த ஏற்பாட்டில் மதிப்பிடப்படுவது மாணவர் ஒருவர்தான். பயிற்சி கொடுத்த இடம் எப்படி இருந்தது என்று கேட்கும் கட்டம் இதில் இல்லை. ஏமாற்றத்தை எழுதினால் தன் மதிப்பெண்ணே குறையுமோ என்று அஞ்சும் மாணவர், நடக்காத கற்றலை நடந்ததாக எழுதுகிறார். தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யோ இளநிலைப் பொறியியல் படிப்புக் காலத்தில் 600 முதல் 700 மணி நேரம் இன்டர்ன்ஷிப் வேண்டும் என்று வழிகாட்டுகிறது. மணிக்கணக்கு கூடக்கூட, அந்த மணிகளை நிரப்பும் உண்மையான வேலையும் கூடியிருக்க வேண்டும். அது கூடவில்லை.

நம்மிடம் நல்ல சட்டம் இல்லாமலும் இல்லை. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் அப்ரண்டிஸுக்குச் சில உறுதிகளைத் தருகிறது. உரிய தகுதியுள்ள ஒருவர் அவருடைய பயிற்சிக்குப் பொறுப்பாக இருக்க வேண்டும். பயிற்சியின் முன்னேற்றத்தை நிறுவனம் பதிவுசெய்து வைக்க வேண்டும். பயிற்சியோடு தொடர்பில்லாத வேலையைக் கொடுப்பது குற்றம்; 2014 திருத்தம் அதற்கு ஒவ்வொரு முறையும் 1,000 ரூபாய் அபராதம் வைத்தது. பணியிடத்தில் காயம்பட்டால் இழப்பீட்டுக்கும் வழி உண்டு. 2019-இல் திருத்திய விதிகள் பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய், டிப்ளமோ முடித்தவருக்கு 8,000 ரூபாய் என்று உதவித்தொகை வைத்தன. பட்டதாரி, டிப்ளமோ அப்ரண்டிஸ்களுக்கான தேசியத் திட்டத்தில் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஈடுசெய்கிறது. ஆனால் இவை அனைத்தும் முறையாகப் பதிவுசெய்த ஒப்பந்தம் உள்ளவருக்குத்தான். கல்லூரிக் கடிதத்தோடு இரண்டு வாரத்துக்கு வந்து நிற்கும் மாணவர் இந்தச் சட்டத்தின் கணக்கில் வருவதில்லை. ஒரே ஆலைக்குள், ஒரே இயந்திரத்தின் அருகே, அப்ரண்டிஸ் ஒருவருக்கு இருக்கும் உரிமை பக்கத்தில் நிற்கும் இன்டர்னுக்கு இல்லை.

இதற்கு வழக்கமாக வரும் முதல் மறுப்பு: எந்தத் தொழிலிலும் ஆரம்பம் எடுபிடி வேலைதான், பொறுமையாக இருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பது. இதில் உண்மை இருக்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாம், அடுத்துப் பெங்களூரு ஹெச்.ஏ.எல். நிறுவனத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்து, ஒரு குழுவில் ஒருவராக விமான இன்ஜின்களைப் பழுதுபார்க்கும் பணியில் ஈடுபட்டார். கையில் எண்ணெய் படியும் வேலை அது. ஆனால் எதைக் கழற்றுகிறோம், ஏன் கழற்றுகிறோம் என்று தெரிந்தவர்களின் பக்கத்தில் நின்று செய்த வேலை. வேலை சிறியதா பெரியதா என்பதை வைத்துப் பயிற்சியை அளக்க முடியாது. ஸ்டோர் ரூமில் பொருள்களை எண்ணுவதுகூட, சரக்கு ஏன் தேங்குகிறது, எந்த உதிரிபாகம் வராவிட்டால் எந்த லைன் நிற்கும் என்று ஒருவர் விளக்கினால் நல்ல பாடமாகும். ஜெர்மனியின் தொழிற்பயிற்சிச் சட்டம் பயிற்சி நோக்கத்துக்கு உதவும் பணிகளை மட்டுமே பயிற்சியாளருக்குத் தரலாம் என்கிறது. அமெரிக்காவில் ‘பிளாக் ஸ்வான்’ படத் தயாரிப்பில் ஊதியமின்றிப் பணியாற்றிய இன்டர்ன்கள் தொடுத்த வழக்கில், 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கேட்கச் சொன்ன கேள்வியும் இதை ஒட்டியதே: இந்த ஏற்பாட்டால் முதன்மையாகப் பயன்பெறுவது யார், மாணவரா நிறுவனமா?

இரண்டாவது மறுப்பு நிறுவனங்களிடமிருந்து வருகிறது; அது இன்னும் வலுவானது. ஓடும் அசெம்ப்ளி லைனில் பழகாத கையை வைக்க விடமுடியாது. வாடிக்கையாளரின் தரவை வெளியாருக்குக் காட்ட முடியாது. சிறு பட்டறைக்காரரோ தன் ஐந்தாறு ஆட்களில் ஒருவரைப் பாடம் சொல்ல ஒதுக்கினால் அன்றைய ஆர்டர் நின்றுவிடும். கட்டுப்பாடுகளைக் கூட்டினால் கதவையே சாத்திவிடுவார்கள் என்பதும் நியாயமான அச்சம். ஆனால் இந்த வாதம் இன்றைய ஏற்பாட்டுக்கே எதிராக நிற்கிறது. இரண்டு வாரத்தில் எதையும் தொட விடமுடியாது என்றால், இரண்டு வாரப் பயிற்சி எதற்கு? அதையே ஒரு செமஸ்டராக நீட்டினால், முதல் மாதம் செலவழித்த உழைப்புக்கு மூன்றாம் மாதம் பலன் கிடைக்கும். சூப்பர்வைசரும் சொல்லித்தர முன்வருவார். அத்தனை மாணவருக்கும் அப்படி இடம் கிடைக்காது என்பது உண்மை. கிடைக்காதவர்களுக்குக் கல்லூரிப் பட்டறையிலேயே ஒரு நல்ல புராஜெக்டைக் கொடுத்து அதே கிரெடிட்டைத் தரலாம். எல்லோருக்கும் பெயரளவில் ஒன்றைக் கட்டாயமாக்குவதைவிட அது நேர்மையான வழி.

பணமும் பெரிய நிறுவனத்தின் பெயரும் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்போரும் உண்டு. 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதம மந்திரி இன்டர்ன்ஷிப் திட்டம் இரண்டையும் தந்தது: நாட்டின் முன்னணி நிறுவனங்கள், மாதம் 5,000 ரூபாய், ஓராண்டுப் பயிற்சி. முதல் சுற்றில் 82,000-க்கும் மேற்பட்ட பணி அழைப்புகள் வழங்கப்பட்டன. சேர்ந்தவர்களோ 9,000 பேருக்கும் குறைவு. பணியிடத்தின் தூரம், பயிற்சியின் நீளம், ஆர்வத்துக்குப் பொருந்தாத வேலை ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. நீளம் ஒரு காரணம் என்பது என் வாதத்துக்கு எதிராகத் தோன்றலாம். படிப்பு முடித்து வேலை தேடுபவருக்கு ஓராண்டு என்பது இழப்பு; படிப்புக்குள்ளேயே, கிரெடிட்டோடு வரும் ஒரு செமஸ்டர் அப்படி இல்லை. தூரத்தின் பாரத்தை நம் பக்கத்து மாணவர்கள் நன்கு அறிவார்கள். தாம்பரத்திலிருந்து முடிச்சூர், படப்பை வழியாக ஒரகடம் போய்வருபவருக்கு நாளில் பல மணி நேரம் பேருந்திலேயே கழியும். அவ்வளவு பாடுபட்டுப் போகிறவருக்கு அங்கே ஒரு நாற்காலியைத் தவிர வேறெதுவும் காத்திருக்கவில்லை என்றால், அவர் மனம் கசப்பதில் என்ன வியப்பு?

மாற்றத்தைக் கல்லூரித் துறைகளிலிருந்தே தொடங்கலாம். அனுப்பும் முன்பே, பயிற்சிக்குப் பொறுப்பானவரின் பெயரையும் கொடுக்கப்போகும் வேலையையும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். பயிற்சி நடக்கும்போது ஆசிரியர் ஒருவர் ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். மதிப்பெண் போட்ட பிறகு, அந்த இடத்தைப் பற்றிய மாணவரின் கருத்தைத் தனியே வாங்கி, அடுத்த ஆண்டு மாணவர்கள் படிக்கும்படி துறையில் வைக்க வேண்டும். எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று அவர்களே தீர்மானித்துக்கொள்வார்கள். தரமணியில் இருக்கும் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம், அப்ரண்டிஸ்களை எடுக்கும் நிறுவனங்களிடம் அவர்களுடைய முன்னேற்றம் பற்றிய அறிக்கைகளைப் பெற்றுவருகிறது. அதே மாதிரியில் ஒரு படிவத்தைத் தன் மாணவருக்கும் தயாரித்துக்கொள்ள எந்தத் துறைத் தலைவரும் அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வரும் விடுமுறைக்கு முன்பே செய்துவிடலாம்.